யாரைக் கூப்பிட்டாள் சுரேகா

அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு மின்சார ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன். உட்கார இடம் பிடிப்பதற்குள் இறங்கிவிட வேண்டும். இருந்தும் எங்கள் ஹாக்கி லீக்கில் அதற்குப் பெயர் அவே மேட்ச். ஹேமாவதியைக் கேட்டால் ஆவடி வெளியூர்கூட இல்லை, எதிரி நாடு என்பாள். அந்த நாட்டில் ஒரே ஓர் எதிரிதான் குடியிருக்கிறாள். அவள் பெயர் சுரேகா.

நான் அகல்யா. அம்பத்தூர் பெண்கள் அணியின் கோல்கீப்பர். சுருக்கமாகக் கோலி. ஹேமா எனக்கு முன்னால் நின்று தடுக்கிறவள். ஒன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பார்த்துக்கொண்டிருப்பது அவள் முதுகைத்தான். அவள் எப்போது கோபமாக இருக்கிறாள், எப்போது கால் வலிக்கிறது, எப்போது வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று அந்த முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அவள் புருஷன் பாண்டியனுக்குக்கூட அவ்வளவு தெரியாது. அதனால் அவளைப் பற்றி எழுத என்னைவிட ஆள் கிடையாது. சுரேகா இருக்கிறாளே என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

ஹேமா அம்பத்தூரிலேயே மேனாம்பேட்டுக்காரி. அவர்கள் குடும்பத்துக்கு அங்கே கொஞ்சம் நிலம் இருந்தது. இப்போது அதில் ஐந்து மாடிக் கட்டடம் நிற்கிறது, இரண்டாவது மாடியில் நான் மாதத் தவணை கட்டிக்கொண்டு குடியிருக்கிறேன். முதன்முதலாக என் வீட்டுக்கு வந்தபோது அவள் எல்லா அறையையும் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்க பெரிப்பா கத்திரிக்கா போட்ட எடத்துலதான்மே உன் பாத்ரூம் கீது." சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். அதில் வருத்தம் துளியும் இல்லை. நிலம் போனதற்கோ, அந்தக் காசில் அவள் அண்ணன் கார் வாங்கியதற்கோ அவள் வயிறு எரிந்து நான் பார்த்ததில்லை. அவளுக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ரப்பர் கம்பெனியில் வாஷர்களைச் சோதித்துப் பிரிக்கிற வேலை. பக்கத்து மேசைக்காரிக்குச் சம்பளம் கூட்டினால் இவள்தான் முதலில் ஸ்வீட் கேட்பாள். நாத்தனாரின் நகையைப் பார்த்தால் "சோக்கா கீது" என்று கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

பொறாமையில் அவள் சிக்கனக்காரி. மொத்தத்தையும் ஒரே ஆளுக்கென்று சேர்த்து வைத்திருந்தாள்.

ஹேமாவும் சுரேகாவும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே ஹாக்கி அணி. ஹேமா நடுவில் ஆடுவாள், சுரேகா முன்னால். பன்னிரண்டாவது படிக்கும்போது ஒரு போட்டியைப் பார்க்க ஆவடியிலிருந்து மத்திய அரசு ஆபீஸ்காரர்கள் வந்திருந்தார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் எடுப்பதற்காக. அன்றைக்குச் சுரேகா போட்ட கோல்களுக்கெல்லாம் பந்து கொடுத்தவள் ஹேமா. பார்க்க வந்தவர்கள் கோல் போட்டவள் பெயரைக் கேட்டுக்கொண்டு போனார்கள். சுரேகாவுக்கு வேலை கிடைத்தது. ஹேமாவுக்குக் கல்யாணம் நடந்தது.

அப்புறம் சுரேகாவுக்கு என்னவெல்லாம் கிடைத்ததோ அதெல்லாம் ஹேமாவுக்கு மனப்பாடம். குவார்ட்டர்ஸ். மருத்துவச் செலவு. மகளுக்குக் கேந்திரிய வித்யாலயா. பிராக்டிஸ் என்றால் பாதி நாள் லீவு. ஷூ, ஸ்டிக், ஜெர்சி எல்லாம் ஆபீஸ் செலவு. நாங்கள் ஸ்டிக்குக்கு டேப் சுற்றிச் சுற்றி அது உலக்கை மாதிரி ஆனபிறகும் விடமாட்டோம். சுரேகாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை ஹேமா ஒருநாள்கூட விடாமல் பார்ப்பாள். பார்த்தது தெரியக்கூடாது என்று ப்ளூ டிக்கை அணைத்து வைத்திருக்கிறாள். அதனால் எங்கள் மெசேஜ்களை அவள் படித்தாளா இல்லையா என்று எங்களில் யாருக்கும் எப்போதும் தெரிவதில்லை.

"இப்பல்லாம் 'இருக்கேன்'னு பேசுறாமே" என்று ஒருநாள் பொருமினாள். "நேத்து வரைக்கும் ஊட்ல கீறேன்னு சொன்னவ. ஆபீஸ்ல ஏசில குந்திகினா நாக்கு கூட மாறிப்பூடுமா?"

நேற்று என்று அவள் சொன்னது பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய நேற்று.

எனக்கு எங்கே எரியும் என்றால், இதில்தான். நான் கோவில்பட்டிக்காரி. ஹாக்கிக்குப் பேர்போன ஊர். ஐ.டி. வேலைக்காக இங்கே வந்து, ஆள் தெரியாத ஊரில் மைதானம் தேடி அலைந்தபோது என்னை அணியில் சேர்த்தவள் ஹேமா. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுபோவது நான். அவள் மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது நான். ஆனால் அவள் வாய் திறந்தால் வருவது சுரேகா. திட்டுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேளாவேளைக்குத் தவறாமல் திட்டுவது என்றால் அதற்கும் ஒரு மனசு வேண்டாமா? என்னை அவள் அப்படி ஒருநாளும் திட்டியதில்லை.

ஆபீஸ் அணியில் சுரேகா இன்னும் ஆடுகிறாள். வருஷத்துக்கு ஒருமுறை லீக்கில் அவர்களோடு மோதுவோம். ஒவ்வொரு வருஷமும் தோற்றோம். ஒரு வருஷம் மழையில் ஆட்டம் நின்றுபோய், அடுத்த வாரம் மறுபடி ஆடி அதிலும் தோற்றோம். இந்த வருஷம் மேட்சுக்கு முந்தைய புதன்கிழமை ஹேமா போன் பண்ணினாள்.

"செகந்திராபாத் போறாளாம். பிரமோசனாம். ஸ்டேட்டஸ்ல போட்டுகீறா."

"நல்லதுதானே? உனக்கு நிம்மதி" என்றேன். எனக்கும் நிம்மதி என்பதைச் சொல்லவில்லை.

"இன்னா நிம்மதி? இந்த மேட்ச்தான்மே கடேசி. அவகிட்ட ஒரே ஒரு தபா தோக்காம வரணும். ஜெயிக்கக்கூட வாணாம், டிரா போதும். அப்பால அவ எங்கனா போவட்டும்."

லீக்கில் நாங்கள் ஏற்கெனவே நடுவில் எங்கேயோ தொங்கிக்கொண்டிருந்தோம். அந்த மேட்சில் ஜெயித்தாலும் தோற்றாலும் அணிக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஹேமா அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து வந்து இருட்டும் வரை சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தாள் என்று பாண்டியன் என்னிடம் புலம்பினார். வலது முட்டி வீங்கியிருந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு ரயிலேறினாள்.

ஆவடியில் அவர்கள் மைதானத்துக்குப் போக வேண்டுமென்றால் கேட்டில் ஆதார் அட்டை காட்டி, பையைத் திறந்து காட்டி, பாஸ் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். என் காலில் கட்டுகிற பேடைப் பார்த்துவிட்டு வாசலில் நின்ற காவலர் "இது என்னம்மா?" என்று தட்டித் தட்டிப் பார்த்தார். உள்ளே குவார்ட்டர்ஸ் வரிசை, இரண்டு பக்கமும் புங்கமரம். மைதானத்தைச் சமமாக இழுத்து, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். எங்கள் மைதானத்தில் கோடு என்பது அவரவர் மனசாட்சி.

"தண்ணி தெளிச்சுகீறாங்கோ, பாரு. கல்யாண வாசல் மாதிரி" என்றாள் ஹேமா. சொன்ன விதத்தில் கல்யாணத்தை நிறுத்திவிடுவாள் போலிருந்தது.

சுரேகா எதிரே வந்தாள். முன்னைவிடக் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். "எப்படி இருக்க ஹேமா? முட்டி என்ன ஆச்சு?" என்று கேட்டாள். "இன்னாவும் ஆவல" என்று சொல்லிவிட்டு ஹேமா குனிந்து லேஸ் கட்ட ஆரம்பித்தாள். ஏற்கெனவே கட்டியிருந்த லேஸ்தான்.

ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் எங்களுக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. ஹேமா பின்னாலிருந்து ஓடிப்போய் அடித்தாள். பந்து தரையோடு போய்க் கோலுக்குள் இருக்கும் பலகையில் மோதிய சத்தம் இந்தக் கோடியில் நின்ற எனக்குக் கேட்டது. கோல். எங்கள் கேப்டன் தாட்சாயிணி அவளைக் கட்டிப்பிடிக்கப் போனாள். ஹேமா அவளைத் தாண்டிக்கொண்டு நேராகச் சுரேகாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சும்மா நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். அன்றைக்கு அவள் முதுகு அவ்வளவு அழகாக இருந்தது.

இரண்டாம் பாதியில்தான் அந்த வார்த்தை வந்தது. அவர்கள் அணியில் ஒரு புதுப்பெண், பத்தொன்பது வயசு இருக்கலாம், மான்குட்டி மாதிரி ஓடுகிறவள். பந்து சுரேகாவிடம் இருந்தது. இந்தப் பெண் ஓரத்தில் ஓடிக்கொண்டே கத்தினாள்:

"டோக்கன்!"

சுரேகா பந்தை அவளிடம் தள்ளிவிட்டு முன்னால் ஓடினாள். அந்தப் பெண் தொட்டவுடனே அதைச் சுரேகாவின் பாதையில் திருப்பிவிட்டாள். சுரேகாவைப் பிடிக்க வேண்டியவள் ஹேமா. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். பந்து என்னைத் தாண்டி உள்ளே போனது. ஒன்றுக்கு ஒன்று.

"என்னட்டி மரம் மாதிரி நிக்கே?" என்று கத்தினேன். ஹேமா திரும்பினாள். கோல் விழுந்த முகமாக அது இல்லை. வீட்டுக்குள் திருடன் புகுந்த முகம்.

டோக்கன் அவர்கள் இருவரின் வார்த்தை. பள்ளிக்கூடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எதிராளிக்குத் தெரிந்துவிடும் என்று அவர்களே உண்டாக்கியது. இரண்டு பேரும் ரேஷன் கடை வரிசையில் நின்று வளர்ந்தவர்கள். டோக்கனைக் கொடுத்தால் சாமான் கைக்கு வரவேண்டும். அதுபோலப் பந்தை என்னிடம் கொடுத்துவிட்டு நீ ஓடு, உனக்கே திருப்பித் தருகிறேன் என்று அர்த்தம். இந்தக் கதையை ஹேமா எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. ஆபீஸ்காரர்கள் வந்த நாளில் கடைசி கோலுக்கும் சுரேகா டோக்கன் கேட்டாளாம். ஹேமா கொடுத்துவிட்டு ஓடினாளாம். பந்து திரும்பி வரவில்லை, சுரேகாவே அடித்துவிட்டாள். அந்த இடம் வரும்போது மட்டும் ஹேமாவின் குரல் இறங்கிப்போகும்.

ஒருநாள் நான் ஆசையாகக் கேட்டேன், நாமும் நமக்குள் ஒரு வார்த்தை வைத்துக்கொள்ளலாமா என்று. "கோலிக்கு இன்னாத்துக்குமே வார்த்த? பந்து வந்தா உதை" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் அந்த வார்த்தையை ஊர்பேர் தெரியாத பெண் ஒருத்தி நடு மைதானத்தில் கூவியபோது ஹேமாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. பட்டால்தான் தெரியும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஹேமா பேய் பிடித்தவள் மாதிரி ஆடினாள். அந்தச் சின்னப் பெண்ணை ஓர் அடி நகர விடவில்லை. நான் மூன்று பந்தைத் தடுத்தேன், ஒன்று ஹெல்மெட்டின் முகக் கம்பியில் பட்டுக் காது விண்ணென்றது. யாரும் பாராட்டவில்லை. கோலியின் வேலை அப்படித்தான். ஆட்டம் முடிய இன்னும் ரெண்டு நிமிஷமோ என்னவோ. ஒன்றுக்கு ஒன்று அப்படியே நின்றது. டிரா. ஹேமா கேட்ட டிரா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

எங்கள் கோலுக்கு வலப்பக்கம் அந்தச் சின்னப் பெண் பந்தோடு வந்தாள். ஹேமா போய் மறித்தாள். இரண்டு ஸ்டிக்கும் மாட்டிக்கொண்டு இழுபட்டன. பந்து ஹேமா பக்கம் வந்தது. அதை வெளியே தள்ளிவிட்டால் போதும், ஆட்டம் முடிந்தது.

"வெளிய தள்ளுட்டி!" என்று நான் கத்தினேன்.

"டோக்கன்!" என்று இடப்பக்கமிருந்து சுரேகா கத்தினாள்.

ஹேமா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குரல் வந்த திசைக்குப் பந்தைத் தள்ளினாள். அவ்வளவு சுத்தமான பாஸை ஒன்பது வருஷத்தில் அவள் எங்களில் ஒருத்திக்கும் கொடுத்ததில்லை. தள்ளிவிட்டுச் சும்மா நின்றாளா? அதுவும் இல்லை. ஓடினாள். வீங்கிய முட்டியோடு எங்கள் கோலை நோக்கி, என்னை நோக்கி, ஸ்டிக்கைத் தரையில் சாய்த்துப் பந்தை வாங்கத் தயாராக ஓடி வந்தாள். இத்தனை வருஷத்தில் பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் முகத்தை நான் நேருக்கு நேர் பார்த்தது அன்றைக்குத்தான். பள்ளிக்கூடப் பெண்ணின் முகம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சுரேகா திருப்பித் தரவில்லை. அடித்தாள். நான் ஹேமாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பந்தைப் பார்க்கவில்லை. இரண்டுக்கு ஒன்று.

ஹேமா கொஞ்ச நேரம் ஸ்டிக்கைத் தரையில் சாய்த்தபடியே நின்றாள். அப்புறம் உயிர் வந்து அம்பயரிடம் பாய்ந்தாள். "சார், என்னைக் கூப்ட்டு ஏமாத்திட்டா சார். கோல் செல்லாது."

"பேர் சொல்லிக் கூப்பிட்டாங்களா?"

"டோக்கன்னு கூப்ட்டா."

அம்பயர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, உன் பேரு டோக்கனா?"

அவர்கள் பக்கம் சிரித்தார்கள். எங்கள் பக்கமும் ஒன்றிரண்டு பேர் சிரித்ததை நான் பார்த்தேன், அவர்கள் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். விசில் ஊதிவிட்டார்கள். தோற்றோம்.

கை குலுக்கும்போது ஹேமா சுரேகாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"வேணும்னுதானே கூப்ட்ட? நான் குடுத்துருவேன்னு தெரிஞ்சுதானே கூப்ட்ட?"

கேட்டது சண்டைக் குரல்தான். ஆனால் அவள் முதுகைப் படித்துப் பழகியவள் நான். ஆமாம் என்ற பதிலுக்காக அந்த முதுகு காத்துக்கொண்டிருந்தது.

சுரேகாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. "உன்னைக் கூப்பிடலை ஹேமா. எங்க பொண்ணைத்தான் கூப்பிட்டேன். பந்து அவகிட்ட இருக்குன்னு நினைச்சேன்" என்றாள். "எங்க டீம்ல எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டுக்குவோம். நீ ஏன் எனக்குக் கொடுத்தன்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு."

எல்லாரும். ஹேமா கையை விட்டாள். வந்த அணிக்கு என்று டீயும் வெங்காய பஜ்ஜியும் வைத்திருந்தார்கள். சுரேகா ஒரு தட்டை நீட்டி, "செகந்திராபாத் வந்தா வீட்டுக்கு வரணும்" என்று எங்கள் எல்லோரையும் பொதுவாகப் பார்த்துச் சொன்னாள். அதற்குள் யாரோ படமெடுக்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள். ஹேமாவின் பஜ்ஜியையும் நானே தின்றேன்.

ஆவடியிலிருந்தே கிளம்புகிற ரயில். காலியாக இருந்தது. மற்றவர்கள் தள்ளி உட்கார்ந்து, கடைசியில் விட்ட கோலைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹேமா ஜன்னலோரம். முட்டிக் கட்டை அவிழ்ப்பதும் சுற்றுவதுமாக இருந்தாள். அண்ணனூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"பொய் சொல்றா, இல்லமே? நீதான நேர் எதுர்ல நின்ன. அவ கூப்ட்டப்போ யாரப் பாத்தா?"

நான் பார்த்திருந்தேன். சுரேகாவின் கண் அந்தச் சின்னப் பெண் மேல் இருந்தது. ஹேமா அங்கே இருப்பதே அவள் கண்ணில் படவில்லை. இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். சொன்னால் இன்றோடு சுரேகா ஒழிந்தாள். ஸ்டேட்டஸ் பார்ப்பது நிற்கும், குவார்ட்டர்ஸ் புராணம் நிற்கும், டோக்கன் கதை நிற்கும். அந்த இடம் காலியாகும். ஒன்பது வருஷமாக நான் வரிசையில் நிற்கிற இடம்.

வாயைத் திறந்துவிட்டேன். அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மேட்சிலும் அவள் என் வார்த்தைக்காக இப்படிக் காத்து நின்றதில்லை.

"உன்னைத்தான் பார்த்தா" என்றேன். "உன்னைப் பார்த்துத்தான் கூப்பிட்டா."

ஹேமா சீட்டில் சாய்ந்தாள். மெல்லச் சிரிப்பு வந்தது, அப்புறம் முகம் முழுக்கப் பரவியது. "எனக்குத் தெரியும்மே. பேமானி, இன்னும் மறக்கல பாரு" என்றாள். முட்டி வலியை மறந்து காலை எதிர் சீட்டில் நீட்டிக்கொண்டாள். செகந்திராபாத்துக்கு எந்த ரயில், எத்தனை மணி நேரம், பொங்கல் லீவில் போனால் இடம் கிடைக்குமா என்று கேட்க ஆரம்பித்தாள்.

நான் போனை எடுத்து ரயில் நேரம் பார்த்துச் சொன்னேன். என் வார்த்தைக்கு அவள் முகம் அப்படி மலர்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதுவும் எனக்காக இல்லை.